மலையில் ஓடும் காருக்கு வீட்டிலேயே பிரேக் பைப் மாற்றுவது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரத்தில், பத்து வயதைத் தாண்டிய எந்தக் காரின் அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸிஸ் நன்றாகத்தான் இருக்கும். பின் சக்கரத்துக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய் மட்டும் பொருக்குத் தட்டியிருக்கும். முன் சக்கரம் அடிக்கிற சேறும் சரளைக் கல்லும் நேராகப் போய் விழுவது அங்கேதான். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் அந்தச் சேறு காயாமல் ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது இந்தக் குழாய்க்குள் அழுத்தம் 100 பார் வரைகூட ஏறும். டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு பார் சொச்சம்தான். அதனால் துருப்பிடித்த பைப்பில் எம்-சீல் பூசுவது, ரப்பர் சுற்றி கிளாம்ப் போடுவது எல்லாம் வேலைக்கு ஆகாது. மாற்றத்தான் வேண்டும்.

எல்லா பைப்பையும் புதியவர் தொட வேண்டியதில்லை. என் கணக்கில் முதல்முறை செய்பவருக்கு ஏற்றது இரண்டு வேலைதான்: பின் ஆக்ஸில் மீது படுத்து வீல் சிலிண்டருக்கு (டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) போகும் குட்டை பைப், முன் சக்கரத்தின் ரப்பர் ஹோஸ். என்ஜின் அறையிலிருந்து தரைக்கு அடியில் பின்பக்கம் வரை ஓடும் நீள பைப்பை மாற்ற, சில கார்களில் பெட்ரோல் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும். அதை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடலாம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கும் கார் என்றால் அந்த ஏபிஎஸ் பெட்டியோடு சேரும் பைப்பைக் கழற்றவே வேண்டாம். அதற்குள் காற்று புகுந்துவிட்டால், வெளியே எடுக்கப் பல கார்களில் ஸ்கேனர் வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் தயாராகும் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். கீழே சொல்வது ஏபிஎஸ் இல்லாத பழைய சிறிய கார்களை மனதில் வைத்து: முன்சக்கர டிரைவ், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

முதலில் கண்டுபிடியுங்கள்

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் உடனே ஒழுகல் என்று முடிவு கட்ட வேண்டாம். பிரேக் பேட் தேயத் தேயவும் மட்டம் இறங்கும். ஆனால் நிரப்பிய சில நாளிலேயே மறுபடி இறங்கினால் எங்கேயோ போகிறது. நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பைப்பின் முழு நீளத்தையும் துணியால் துடைத்துக்கொண்டே போங்கள். மேலோட்டமான பழுப்பு நிறம் பெரிய விஷயமில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே குழி தெரிந்தால் அந்த பைப் முடிந்தது. ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், ஈரம், மூன்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள்.

ஒரு பைப் ஓட்டையானாலும் வண்டி நிற்கத்தானே செய்கிறது என்று பலர் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலான சிறிய கார்களில் பிரேக் இரண்டு தனி வழியாகப் பிரிந்திருக்கும்: ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரமும் ஒரு ஜோடி. ஒன்று போனால் மற்றது வேலை செய்யும், பெடல் மட்டும் ஆழமாகப் போகும். சமவெளியில் அப்படி மெதுவாக மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்துவிடலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நான்கு சக்கரம் தாங்க வேண்டிய சூட்டை இரண்டு சக்கரம் தாங்காது. ஒழுகல் தெரிந்துவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். பஸ்ஸில் போய் பைப் வாங்கி வாருங்கள்.

வாங்க வேண்டியவை

உங்கள் மாடலுக்கென்றே வளைத்து, முனை கட்டி வரும் கம்பெனி பைப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மேட்டுப்பாளையத்தில் இல்லாவிட்டால் கோவையில் சொல்லி வைத்து வரவழைக்கலாம். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் வெறும் பைப் வாங்கி நாமே முனை விரித்துக்கொள்வது முதல்முறைக்கு வேண்டாம். பிரேக் பைப்பின் முனை இரண்டு மடிப்பாக இருக்கும், அல்லது குமிழ் மாதிரி இருக்கும். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றதைப் போட்டால் நட் இறுகும், ஆயில் கசியும். கடைக்குப் பழைய பைப்பின் முனையைத் தெளிவாகப் படம் பிடித்து எடுத்துப் போங்கள். நட்டின் மரையும் அதேதானா என்று பாருங்கள்.

தாமிர-நிக்கல் கலவை பைப் கிடைத்தால் எங்கள் ஊர் ஈரத்துக்கு அது நல்லது, துரு ஏறாது, கையாலேயே வளையும். ஆனால் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் போடும் வெறும் காப்பர் டியூபை யாராவது ‘இதுவும் அதேதான் சார்’ என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது அதிர்விலும் அழுத்தத்திலும் நாளடைவில் விரிசல் விடும்.

பிரேக் ஆயில் டாட் 3 ஆ, டாட் 4 ஆ என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். அதையே வாங்குங்கள். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140. டாட் 4க்கு 230, 155. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து ஆயில் கொதித்துவிட்டால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப்போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். போன வருஷம் திறந்து மீதி வைத்த பாட்டில், அதுவும் சுவரே வியர்க்கும் நம் வீடுகளில் இருந்தது, வேண்டவே வேண்டாம். சீல் உடையாத ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். மேகம் இறங்கி நிற்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அப்புறம் ஹோஸ் மாற்றினால் புதுச் செம்பு வாஷர் இரண்டு. பிளீடர் (சக்கரத்தின் பிரேக்கில் காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு) முனையில் இறுக்கமாக உட்காரும் நிறமில்லாத டியூப் ஒரு முழம். ஒரு கண்ணாடி பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஹார்லிக்ஸ் பாட்டில்தான் எனக்குக் கைகொடுக்கிறது. முக்கியமான கருவி, பைப் முனை நட்டைப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர். வளையத்தில் பைப் நுழைய மட்டும் ஒரு வெட்டு இருக்கும். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், சிலதில் 11. சாதாரண ஓப்பன் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலை உருண்டுவிடும்.

வண்டியை நிறுத்தும் இடம்

மலையில் இந்த வேலையின் கஷ்டமான பகுதி இதுதான். நம் வீட்டு வாசல் பாதிக்கு மேல் சரிவு. சரிவில் ஜாக்கி போட்டுக் காரின் அடியில் போகவே கூடாது. பக்கத்து வீட்டுச் சிமெண்ட் களமோ, தெரிந்தவர் கடை முன்னிடமோ, உண்மையிலேயே சமமான கெட்டித் தரை வேண்டும். மண் தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை.

இன்னொன்று கவனியுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது பிடித்து எந்தப் பயனும் இல்லை. அப்போது முதல் கியரில் போட்டு, தரையில் நிற்கும் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்க மட்டும். தாங்குவதற்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலை இல்லை. ஹாலோ பிளாக் அடுக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது சத்தமே இல்லாமல் நொறுங்கும்.

கழற்றுவது

முதல் நாள் மாலையே இரண்டு நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விட்டுவிடுங்கள். மறுநாள் கழற்றும் முன் துடைத்துவிட வேண்டும். அந்த எண்ணெய் ஒரு துளி குழாய்க்குள் போனாலும் சீல் ரப்பர் உப்பிவிடும்.

பைப்பைக் கழற்றியதும் மேலே டப்பாவிலிருந்து ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு வழி: சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, பெடல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும்படி வைத்துவிடுங்கள். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள், டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் துளை அடைபட்டு ஒழுகல் நின்றுவிடும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்குமே, அதனால் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள்.

வீல் சிலிண்டர் பக்க நட்டை முதலில் மெதுவாகத் திருப்புங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கினால் இரண்டும் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். எப்படியும் தூக்கிப் போடப்போகும் பைப்தான். நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, ஆறு முனை சாக்கெட் போட்டால் திரும்பிவிடும். மறுமுனை ஹோஸில் முடிகிறது என்றால், ஹோஸை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள்.

பெயிண்ட் மேல் பிரேக் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் போதாது, பெயிண்ட் உரிந்துவிடும்.

மாட்டுவது

புது பைப்பைப் பழையதன் பக்கத்தில் வைத்து வளைவெல்லாம் சரியா என்று பாருங்கள். இரண்டு முனை நட்டையும் விரலாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடிக்கிறது. எடுத்துவிட்டு மறுபடி நேராக வையுங்கள். இங்கே ஸ்பேனரைத் தொட்டுவிட்டால் வீல் சிலிண்டரும் சேர்ந்து போகும். இரண்டு முனையும் ஏறிய பிறகு கிளிப், கடைசியாகத்தான் இறுக்குவது. ஃப்ளேர் நட்டுக்குச் சிறிய கார்களில் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் கார் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. பலம் காட்டி முறுக்கினால் முனை நசுங்கிக் கசியும்.

கிளிப்பில் ஒன்றைக்கூட விடாதீர்கள். அதிர்ந்து ஆடும் பைப் எங்கேயாவது உரசி ஓட்டையாகும். சைலன்சரைத் தொடக்கூடாது.

முன் ஹோஸ் என்றால் அதன் மேல் நீளவாட்டில் ஒரு கோடு அச்சிட்டிருக்கும். அந்தக் கோடு சுற்றாமல் நேராக ஓடினால் ஹோஸ் முறுக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயரில் உரசாமலும் விறைக்காமலும் இருக்கிறதா பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் அந்தக் கடைசித் திருப்பம் தினமும் நடக்கும்.

ஏர் எடுப்பது

முட்டுக் கட்டையை எடுத்துவிட்டு, டப்பாவை நிரப்புங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம். நம் ஊர் கார்களில் டிரைவர் வலப்பக்கம் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். சில கார்களுக்கு மூலைவிட்ட வரிசை, மேனுவலில் பாருங்கள்.

டியூபின் ஒரு முனை பிளீடரில், மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உள்ளே உட்காருபவர் நிதானமாக மூன்று நான்கு முறை மிதித்து, மிதித்தபடியே ‘பிடிச்சாச்சு’ என்று சொல்ல வேண்டும். நீங்கள் பிளீடரைக் கால் சுற்று திறக்கிறீர்கள். குமிழியோடு ஆயில் வரும், பெடல் இறங்கும். நீங்கள் மூடிவிட்டு ‘விடு’ என்று சொல்லும்வரை உள்ளே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் போன காற்று திரும்பி வரும். குமிழி நிற்கும்வரை இதே.

பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு சின்ன மரத்துண்டு வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்தில் மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவர் சொரசொரப்பாக இருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அங்கே போய்க் கிழிபடும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எல்லாச் சக்கரத்திலும் ஆயில் புது நிறத்தில் வரும்வரை எடுத்துவிட்டால், பழைய ஈர ஆயிலும் இதோடு போய்விடும்.

சோதனை

பேட்டரி வயரை மாட்டிவிட்டு, என்ஜினை ஆஃபில் வைத்து நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கி நிற்க வேண்டும். அது பூஸ்டர் (பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பகுதி) வேலை செய்வதற்கு அடையாளம். பிறகு ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்ல அமிழ்ந்தால் எங்கேயோ கசிகிறது. மிதித்தபடி ஒருவர் இருக்க, போட்ட ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள்.

ஊட்டி உயரத்தில், கிட்டத்தட்ட 2,240 மீட்டரில், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். வாக்குவம் பூஸ்டர் அந்தக் காற்றழுத்தத்தை நம்பியே உதவுகிறது. அதனால் மேட்டுப்பாளையத்தில் இருப்பதைவிட இங்கே பெடல் கொஞ்சம் கெட்டியாகத் தெரியலாம், அது கோளாறு இல்லை. பெடல் மெத்தென்று இருந்தால் உயரத்தின் மேல் பழி போட முடியாது, உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. மறுபடி எடுங்கள்.

முதல் ஓட்டம் சமமான இடத்தில், நடக்கிற வேகத்தில். நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் சின்ன மேடு இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஓட்டிப் பழகுங்கள். டப்பாவின் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்து, மறுநாள் காலையிலும் ஒரு வாரம் கழித்தும் பாருங்கள். அந்தக் கோடு ஒரு வாரம் இறங்காமல் நின்ற பிறகு மேட்டுப்பாளையம் இறங்கலாம்.

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தேயிலைத் தோட்ட ஓரத்திலோ ஊற்றாதீர்கள். இங்கே ஓடை எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக் குடிநீர். மூடி போட்டு, ‘பிரேக் ஆயில், விஷம்’ என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அடுத்த முறை சர்வீஸுக்குப் போகும்போது கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.