சருமப் பூச்சுகளின் மூலப்பொருள்களை அறிந்து பயன்படுத்துவது எப்படி?

சீரமோ (செறிவான திரவப் பூச்சு) கிரீமோ வாங்கும் முன் புட்டியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். முன்புற விளம்பர வாசகத்தைவிட அதுவே நம்பத்தக்கது.

வறண்ட சருமத்திற்கு ஹயலூரானிக் அமிலம் ஏற்றது. அது நீரை ஈர்த்துப் பிடித்துவைக்கும் பொருள் என்பதால், முகம் கழுவிய ஈரம் உலர்வதற்குள் தடவி, அதன்மேல் மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். எண்ணெய்ப் பசையும் பருக்களும் உள்ளவர்களுக்குச் சாலிசிலிக் அமிலம் உதவும். எண்ணெயில் கரைவதால் சருமத் துளைகளுக்குள் சென்று அடைப்பைத் தளர்த்துகிறது.

ரெட்டினாலுக்குத்தான் மிகுந்த பொறுமை தேவை. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த இது, செல்கள் புதுப்பிக்கப்படுவதை விரைவுபடுத்தி, சருமத்திற்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் உருவாவதைத் தூண்டி, மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கிறது. ஆனால் ஆர்வமிகுதியால் முதல் நாளிலிருந்தே தினமும் தடவினால், மூக்கோரமும் வாயோரமும் சிவந்து தோல் உரியத் தொடங்கும். வாரத்திற்கு 2 இரவுகள், நன்கு உலர்ந்த முகத்தில், பட்டாணி அளவு மட்டும் தடவித் தொடங்குங்கள். பகலில் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து தரும் பாதுகாப்பின் அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் அவசியம். கர்ப்பிணிகள் ரெட்டினாலை அறவே தவிர்க்க வேண்டும்.

சருமத்திற்குப் பொலிவு தரும் வைட்டமின் சி சீரம், காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். அடர்பழுப்பாக மாறியிருந்தால், எவ்வளவு மீதமிருந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

எந்தப் புதிய பொருளையும் முகத்தில் பூசுவதற்கு முன், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிச் சில நாள்கள் கவனியுங்கள். அரிப்போ தடிப்போ தோன்றினால் உடனே கழுவிவிட்டு, அதை ஒதுக்கிவிடுங்கள்.