பங்கின் வார அறிவித்தல் தாள்: நான் செய்துவரும் முறை

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த சமூகத்தில், ஞாயிறு தோறும் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கோவில் வாசலில் ஒரு தாள் கொடுக்கிறோம். ஏ4 தாளை நடுவே மடித்தால் நான்கு பக்கம். அந்தக் கிழமையின் பூசை நேரம், பூசைக் கருத்து (யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்பது), மரணம், திருமணம், கூட்டம், கணக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். என் அப்பா அதை ஸ்டென்சிலில் கையால் எழுதி ரோணியோ இயந்திரத்தில் உருட்டி எடுத்தார். அவருக்குப் பின் 19 ஆண்டுகளாக நான் செய்கிறேன். திருகோணமலைப் பட்டினத்தில் தட்டச்சும் நிழற்பிரதியும் எடுத்துக் கொடுக்கும் சிறு கடை ஒன்று வைத்திருக்கிறேன். அதனால் அச்சிடுவது எனக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. எழுதுவதுதான் கடினம். வருகிற திருவருகைக்காலத்திலிருந்து (நத்தாருக்கு முந்திய ஆயத்தக் காலம்) இரண்டு இளம் பிள்ளைகள் பொறுப்பேற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன். வேறு பங்குகளில் இதே வேலையைச் செய்பவர்களுக்கும் உதவும்.

செய்தி தானாக வந்து சேரும் என்று அலுவலக மேசையில் காத்திருக்காதீர்கள். அங்கே வருவது கூட்ட அறிவித்தல்கள் மட்டுமே. பங்கில் உண்மையாக என்ன நடக்கிறது என்பது முற்றத்தில்தான் தெரியும். ஞாயிறு முதற்பூசை முடிந்ததும் அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் ஒரு சிறு கொப்பியோடு நில்லுங்கள். யார் வரவில்லை என்று பாருங்கள். மூன்று கிழமையாக ஒருவர் இருக்கும் இடம் வெறுமையாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் விசாரியுங்கள். புதன் இரவு அன்பியத் தலைவர்கள் (பங்கில் அயல் வீடுகள் சேர்ந்த சிறு குழுக்களின் தலைவர்கள்) ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுங்கள். "ஏதும் செய்தி உண்டா" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "உங்கள் வீதியில் யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள்" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். துக்க மணி அடிக்கும் கோவில் பணியாளரான சங்கிலித்தாமோடு நல்ல உறவு வைத்திருங்கள். மரணச் செய்தி உங்களுக்கு முன் அவருக்குத்தான் போகும்.

வியாழன் மாலை ஆறு மணிக்குக் கொப்பியை மூடிவிடுங்கள். வெள்ளி காலை பங்குத்தந்தை பார்வையிட வேண்டும், சனி காலை அச்சு. ஆறு மணிக்குப் பிறகு எவ்வளவு வேண்டியவர் வந்து கேட்டாலும் கூட்ட அறிவித்தல் அடுத்த கிழமைக்குத்தான். மூடிய கொப்பியை மரணம் ஒன்றே திறக்கலாம்.

இனி எழுதும் முறை. எனக்கு வரும் துண்டுகளில் பாதி இப்படித்தான் இருக்கும்:

"இளைஞர் ஒன்றியக் கூட்டம் வழமைபோல் வழமையான இடத்தில் நடைபெறும். அனைவரும் தவறாது சமூகமளிக்கவும்."

ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்த அறிவித்தலே தேவையில்லை. புதியவருக்கோ இதில் ஒன்றும் விளங்காது. எங்கள் ஊரில் புதியவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இடமாற்றம் பெற்று வரும் அரச அலுவலர்கள், பல ஆண்டுகள் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள், திருமணமாகி வந்த பெண்கள். அவர்களுக்கு "வழமை" என்பது மூடிய கதவு. நான் இப்படி மாற்றுவேன்:

"வரும் ஞாயிறு காலை 8.30 மணிக்கு, இரண்டாம் பூசை முடிந்தவுடன், கோவிலின் வடக்குப் பக்கமுள்ள மறைக்கல்வி மண்டபத்தில் இளைஞர் ஒன்றியம் கூடும். 16 வயதுக்கு மேற்பட்ட எவரும் வரலாம். முதன்முறை வருபவர்கள் மண்டப வாசலில் நிற்கும் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கவும்."

என்ன, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யாரைத் தேடுவது. ஐந்தும் இருந்தால் தாளில் போடலாம். ஒன்று குறைந்தாலும் அனுப்பியவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். கிழமையையும் திகதியையும் சேர்த்தே எழுதி, நாட்காட்டியில் விரல் வைத்து ஒத்துப் பாருங்கள்.

நேரம் குறிப்பவர்கள் கடலையும் பார்க்க வேண்டும். எங்கள் பங்கில் பல குடும்பங்கள் கடற்றொழிலை நம்பியிருக்கின்றன. இரவு வலைக்குப் போனவர் விடிந்து வந்து மீன் விற்று வலை உலர்த்தி முடிக்கும் வேளையில் பெற்றோர் கூட்டம் வைத்தால் தகப்பன்மார் வரமாட்டார்கள். வரவில்லை என்று பிறகு குறைசொல்வதும் நியாயமில்லை. வாடைக் காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, கடல் கொந்தளித்துத் தொழில் குறையும். ஆண்கள் வரவேண்டிய கூட்டங்களை அப்போது வைக்கச் சொல்லி நானே சபையில் கேட்டிருக்கிறேன். சோளகக் காலத்தில், தென்மேற்குக் காற்று வீசும்போது, வேறொரு மாற்றம் வரும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடற்றொழிலாளர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) அமைப்பார்கள். அவர்களில் கத்தோலிக்கர் பலர். கோவிலில் பின்வரிசையில் நிற்பார்கள். அந்த மாதங்களில் பூசை நேரங்களையாவது சிங்களத்தில் நான்கு வரி போடுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்குங்கள்.

மரண அறிவித்தலுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். இறந்தவரின் வீட்டுக்கு நேரில் போகாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். ஞானஸ்நானப் பெயரை மட்டும் எழுதினால் ஊரில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. எங்கள் பங்கில் எத்தனை மேரி, எத்தனை அந்தோனி! நாற்பது ஆண்டுகள் "வலைக்கடை மாமி" என்று அழைக்கப்பட்டவரை அப்படித்தான் பலர் அறிவார்கள். வீட்டாரின் சம்மதத்தோடு அந்தப் பெயரையும், வீதியையும், யாரின் தாய், யாரின் மனைவி என்பதையும் எழுதுங்கள். உடல் எத்தனை மணி வரை வீட்டில் இருக்கும், எத்தனை மணிக்குக் கோவிலுக்குக் கொண்டுவரப்படும், எந்தச் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) என்பதும் வேண்டும். "அடக்கத் திருப்பலி" (அடக்கப் பூசை) என்று கை பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்காக்காலம் (உயிர்ப்புக்காலம்) ஆகியவற்றின் ஞாயிறுகளிலும், பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரையும், கடன் திருநாட்களிலும் (கட்டாயம் பூசைக்கு வரவேண்டிய பெருநாட்கள்) அடக்கத் திருப்பலி நிறைவேற்றுவதில்லை; திருப்பலி இல்லாத அடக்கச் சடங்கு நடக்கும். பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் கோவில் வாசலில் வந்து நின்று இதை அறியக் கூடாது.

இறந்தவருக்காக 31ஆம் நாள் ஒப்புக்கொடுக்கும் பூசை பற்றி நான் செய்த பிழையைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை இறந்த இளைஞனுக்காக "31ஆம் நாள் பூசை" என்று மட்டும் சொல்லி உறவினர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். நாட்களை நானே எண்ணினேன். இறந்ததற்கு மறுநாளிலிருந்து எண்ணியதால் வெள்ளிக்கிழமை வந்தது. பூசைக் கருத்தில் அப்படியே எழுதிவிட்டேன். வீட்டார் இறந்த நாளையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். அவர்களுக்கு அது வியாழன். வியாழன் மாலை 5.30 பூசைக்கு அவனுடைய தாய் வெள்ளைச் சேலையோடு முன்வரிசையில் இருந்தார். கையில் ஒரு மெழுகுதிரி, அதைச் சுற்றிக் கைக்குட்டை. கருத்துகள் வாசிக்கப்பட்டபோது தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். மகனின் பெயர் வரவில்லை. பூசை முடிந்து என்னிடம் வந்து, "பிள்ளை, என் மகனின் பெயரைச் சொல்லவில்லையே" என்று மட்டும் சொன்னார். கோபமே இல்லை. அன்றிலிருந்து நாட்களை நான் எண்ணுவதில்லை. "எந்தத் திகதி, என்ன கிழமை" என்று வீட்டாரிடம் கேட்டு, கொப்பியில் எழுதி, அவர்களுக்கே திருப்பி வாசித்துக் காட்டுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

திருமண அறிவித்தலைப் பதிவேட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். பழைய ஆட்கள் இதை ஓலை வாசித்தல் என்பார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பது எங்கள் வழக்கம். மணமக்களின் பெயர், பெற்றோரின் பெயர், இரு பங்குகளின் பெயர் போதும். தொழிலும் பட்டமும் வேண்டாம். தடை ஏதும் அறிந்தவர் பங்குத்தந்தையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்ற வரியை விடாதீர்கள். மறைமாவட்டத்தின் பெயரிலும் கவனம் தேவை. ஒரே மறைமாவட்டமாக இருந்த திருகோணமலையும் மட்டக்களப்பும் 1967 முதல் திருகோணமலை-மட்டக்களப்பு என்ற பெயரில் இருந்தன, 2012இல் தனித்தனியாகின. பழைய படிவத்தைப் பார்த்து எழுதினால் பழைய பெயரே வந்து விழும்.

தாளில் வரக்கூடாதவையும் உண்டு. ஏழைகளுக்கு உதவும் வின்சன் டி போல் சபையினர் எந்த வீட்டுக்கு அரிசி கொடுத்தார்கள் என்பது வரக்கூடாது. நோயின் பெயர் வரக்கூடாது. நோயாளியின் பெயரைப் போடவும் அவரின் சம்மதம் வேண்டும். திருவிழாவுக்குக் காசு கொடுத்தவர்களைத் தொகைப்படி வரிசைப்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நூறு ரூபாய் கொடுத்த கைம்பெண் அந்தப் பட்டியலின் அடியில் தன் பெயரைத் தேடுவதை ஒரு முறை பார்த்தவர் மறுமுறை அப்படிப் போடமாட்டார். மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி, அதை என்ன செய்யப்போகிறார்கள் என்ற நான்கையும் தெளிவாகப் போடுங்கள். கணக்கைத் தாமதிக்கவும் வேண்டாம். திருவிழா முடிந்து மூன்றாம் ஞாயிறுக்குள் வராத கணக்கைப் பற்றி வேப்பமரத்தடியில் வேறு கணக்குப் பேசப்படும்.

திருவிழா நிரலுக்குப் பின்பக்கத்தை முழுதாக ஒதுக்குங்கள். கொடியேற்றம், நவநாட்கள், எந்த நாளை எந்த அன்பியம் பொறுப்பேற்கிறது, வெஸ்பர் (திருவிழாவுக்கு முந்திய மாலை வழிபாடு), திருவிழாத் திருப்பலி, திருச்சொரூப பவனி செல்லும் வீதிகள். மூன்று கிழமைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். ஜூன் 13 அந்தோனியாருக்கு வெயிலைத் தவிர வேறு கவலை இல்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் திருவிழா வந்தால் மழை பெய்தால் என்ன ஏற்பாடு என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

அச்சில் எழுத்து 14க்குக் குறையக் கூடாது. தாளை உண்மையாகப் படிப்பவர்கள் வயதானவர்கள். தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் செய்ததை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபக்கத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் போய்ச் சேரும். தாளின் படத்தோடு எழுத்து வடிவத்தையும் அனுப்புங்கள். கனடாவிலிருக்கும் பிள்ளை தன் தகப்பனின் நினைவுப் பூசை நேரத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் படிப்பான்.

தாளிலுள்ள அறிவித்தல்களைப் பூசையில் வாசிப்பவர் வாசக மேடையில் ஏறக் கூடாது. அது இறைவார்த்தைக்கு உரிய இடம். பக்கத்து ஒலிவாங்கியில், நன்றி மன்றாட்டு முடிந்த பின், இறுதி ஆசீருக்கு முன் வாசியுங்கள். திருச்சபையின் ஒழுங்கும் சுருக்கமாக என்றே சொல்கிறது. தாளில் இருபது செய்தி இருந்தாலும் ஐந்துக்கு மேல் வாசிக்காதீர்கள். மரணம் முதலில். பெயரை வாசித்ததும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காது. நாளையும் நேரத்தையும் இரண்டு தரம் சொல்லுங்கள். புதிய பெயர்களை முன்கூட்டியே வீட்டாரிடம் உச்சரிக்கக் கேளுங்கள், முக்கியமாகப் பாலையூற்றுப் பக்கத்து, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்களின் பெயர்களை. தமிழில் எழுதிப் பார்த்தால் அவை ஒரு மாதிரி இருக்கும், அவர்கள் வாயில் வேறு மாதிரி ஒலிக்கும்.

ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதியைக் கோவையில் போட்டு, கறையான் ஏறாத இரும்பு அலுமாரியில் வையுங்கள். 1990இல் இடம்பெயர்ந்து இந்தியா போன ஒரு குடும்பத்தின் மகள், பெற்றோரின் திருமணம் எந்த ஆண்டு நடந்தது என்று தெரியாமல் என்னிடம் வந்தார். அப்பாவின் ரோணியோ தாள்களைப் புரட்டினோம். ஊதா மை மங்கியிருந்தது. ஆனாலும் அவர்களின் ஓலை மூன்று கிழமையும் இருந்தது. அந்தத் திகதியை வைத்துத்தான் பதிவேட்டில் பக்கத்தைக் கண்டுபிடித்தோம்.

கடைசியாக, தாள்களைக் கட்டும்போது பன்னிரண்டைத் தனியாக எடுத்து வையுங்கள். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்களின் பையில் அவை போக வேண்டும். கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் 91 வயது அம்மம்மா ஒருவர் இருக்கிறார். ஆறு ஆண்டுகளாகக் கோவிலுக்கு வரவில்லை. பூதக்கண்ணாடி வைத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். சென்ற மாதம் தாளை மடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். மரண அறிவித்தலில் ஒரு பெயருக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் நடுங்கும் எழுத்தில், "இவள் என்னோடு முதல் நன்மை வாங்கியவள். பெயர் றோசலின், ரோஸ்லின் அல்ல" என்று எழுதியிருந்தார். அடுத்த ஞாயிறு திருத்தம் போட்டோம். அந்தத் தாளை அவருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.