அரிய ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் எந்த ஆர்ட்டிகிள்?

டெல்லியில் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வாழும் தமிழர்களில் பலர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இந்தியும் பேசி, அலுவலகக் கோப்பில் ஆங்கிலம் எழுதுகிறார்கள். முதல் இரண்டு மொழிகளிலும் ‘தி’ போன்ற ஒன்று இல்லாததால், எழுதும்போது ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள் விடுபட்டாலும் காதுக்கு உறுத்துவதில்லை. ஆகவே புதிய பெயர்ச்சொல் ஒன்றைக் கற்கும்போது, அதன் பொருளோடு நிறுத்திக்கொள்ளாமல், முன்னும் பின்னும் வரும் சிறுசொற்களையும் சேர்த்து ஒரே தொடராகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பற்றாக்குறையைக் குறிக்கும் ‘டெர்த்’ என்பதைத் தனியே மனப்பாடம் செய்தவர் ‘தேர் இஸ் டெர்த் ஆஃப் வாட்டர்’ என்று எழுதிவிடுவார். ‘எ டெர்த் ஆஃப்’ என்றே பழகியவருக்கு அந்தப் பிழை நேராது. நாட்டத்தைக் குறிக்கும் ‘எ பென்ஷான்ட் ஃபார்’, வெறுப்பைக் குறிக்கும் ‘ஆன் அவெர்ஷன் டு’ ஆகியவையும் அப்படியே. ‘எ பிளெத்தோரா ஆஃப்’ என்பது தேவைக்கு மிஞ்சிய பெருக்கத்தைச் சொல்வது. வெறுமனே ‘நிறைய’ என்ற இடத்தில் அதைப் போடுவது மிகை. தாராளக் கொடையைக் குறிக்கும் ‘லார்ஜெஸ்’ எண்ணுக்கு அடங்காத பெயர் என்பதால் ‘எ’ ஏற்காது. மாணவர்களுக்கான அகராதிகள் இத்தகைய சொற்களுக்கு ‘அன்கவுண்டபிள்’ (எண்ண முடியாதது) என்பதன் சுருக்கமாக ‘யு’ என்று குறியிட்டிருக்கும். அந்தக் குறியைப் பார்க்காமல் பொருளுக்குத் தாவுவதே பெரும்பாலான பிழைகளின் மூலம்.

‘எ’யா ‘ஆன்’னா என்பதை எழுத்து முடிவு செய்வதில்லை, அடுத்து வரும் ஒலியே முடிவு செய்கிறது. ‘யுபிக்விட்டஸ்’, ‘யூலஜி’ ஆகியவை உயிரெழுத்தில் எழுதப்பட்டாலும் யகர ஒலியில் தொடங்குவதால் ‘எ’ பெறும். ‘ஆனரேரியம்’ என்பதில் முதலெழுத்து ஒலிக்காததால் ‘ஆன்’ வரும். இதே கணக்கில் ‘ஆன் எஃப்.ஐ.ஆர்.’, ‘ஆன் ஆர்.டி.ஐ. அப்ளிகேஷன்’, ‘எ யு.பி.எஸ்.சி. ரேங்க்’. இடையில் பெயரடை வந்தால் அதன் ஒலியே கணக்கு: ‘எ ரிசெம்பிளன்ஸ்’ என்பது ‘ஆன் அன்கேனி ரிசெம்பிளன்ஸ்’ ஆகிவிடும்.

இடப்பெயர்களில் வழக்கே விதி. ‘தி ரெட் ஃபோர்ட்’, ‘தி யமுனா’ என்போர் ‘கன்னாட் பிளேஸ்’, ‘இந்தியா கேட்’ என்பவற்றுக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. ‘டெல்லி யுனிவர்சிட்டி’ என்பதை ‘யுனிவர்சிட்டி ஆஃப் டெல்லி’ என்று திருப்பினாலோ முன்னால் ‘தி’ வந்துவிடும்.

ஐயம் வந்தால் அரிய சொல்லை எடுத்துவிட்டு அதன் எளிய இணையை வைத்துப் பார்க்கலாம். ‘டெர்த்’ இருந்த இடத்தில் ‘ஷார்ட்டேஜ்’, ‘லார்ஜெஸ்’ இருந்த இடத்தில் ‘ஜெனராசிட்டி’ என்று மாற்றினால், ஆர்ட்டிகிள் வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் தெளிவாகும். ‘எ’யா ‘ஆன்’னா என்பதை மட்டும் மூலச்சொல்லை உரக்கச் சொல்லி முடிவு செய்ய வேண்டும்.