உண்ணாமலை என்ற பேரும் அதைச் சுற்றி நடக்கும் தவறுகளும்

காரைக்குடிப் பக்கம் உண்ணாமலை என்ற பேரைக் கேட்டு யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். எந்த ஊரில் விசாரித்தாலும் ஓர் உண்ணாமலை ஆச்சி இருப்பார், இல்லையென்றால் இருந்திருப்பார். அதே பேரைச் சென்னையில் சொன்னால் "அண்ணாமலையா? பொண்ணுக்கா?" என்று கேட்பார்கள். இப்போது பழைய பேர்களுக்குக் கொஞ்சம் மவுசு வந்திருக்கிறது. மகளுக்கு இந்தப் பேரை வைக்கலாமா என்று யோசிப்பவர்களும், வீட்டுப் பெட்டியில் கிடைத்த இசைகுடிமானத்தில் (கல்யாணத்தின்போது எழுதும் ஒப்பந்தம்) இந்தப் பேரைப் பார்த்துவிட்டு வம்சாவளி எழுத உட்காருபவர்களும் ஏறக்குறைய ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதலாவது, பேரைப் பிரிக்கும் இடம். உண்ணா, மலை என்று இரண்டாக வெட்டி, உண்ணாமல் நோன்பிருப்பவள் என்றோ ஏதோ ஒரு மலையின் பேர் என்றோ பொருள் சொல்வது. இரண்டும் கற்பனை. இது திருவண்ணாமலை அம்மனின் பேர். அதன் மூல வடிவம் உண்ணாமுலை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அந்தத் தலத்தில் பாடிய பதிகம் 'உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்' என்றுதான் தொடங்குகிறது. எந்தப் பிள்ளையும் பால் குடித்திராத முலையை உடையவள், ஆனாலும் உலகத்துக்கே தாய். வடமொழியில் அதையே அபீதகுசாம்பாள் என்கிறார்கள். கோயிலில் இரண்டு பேரும் புழக்கத்தில் இருக்கின்றன.

அந்த முதல் பாட்டை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாலு அடியும் உண்ணா, பெண்ணா, மண்ணா, அண்ணா என்று எதுகையில் ஓடும். முதலடியில் அம்மன் பேர், கடைசி அடியில் அண்ணாமலை. இப்படி ஒரே ஓசையில் சேர்ந்தே காதில் விழும் இரண்டு பேர்களில் ஒன்று மற்றதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முலை மலையானதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சிலர் உண்ணாமலை என்பது பிழை என்று சொல்லி, பாட்டியின் பேரையே 'திருத்தி' எழுதுகிறார்கள். அது வேண்டாம். தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்துப் போட்ட வடிவம்தான் அந்த வீட்டுக்குச் சரியான வடிவம். மூலப் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு அர்த்தத்தையே மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தாய்மையைச் சொல்லும் ஒரு பேரில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்தில் உண்ணாமலைக்கடை என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. கூகுளில் இந்தப் பேரைத் தேடினால் அந்த ஊரும் வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு, நம் முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள் என்று கதை கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது, இதை அண்ணாமலையின் பெண்பால் என்று நினைப்பது. செட்டிநாட்டில் ஜோடிப் பேர்கள் நிறைய உண்டு என்பதால் இந்த எண்ணம் வருகிறது: மெய்யப்பன், மெய்யம்மை, வள்ளியப்பன், வள்ளியம்மை, அழகப்பன், அழகம்மை. ஆனால் உண்ணாமலை அப்படி விகுதி மாற்றிச் செய்த பேர் அல்ல. சுவாமி ஒருவர், அம்மன் ஒருவர், இருவருக்கும் தனித்தனிப் பேர். அண்ணன் அண்ணாமலை, தங்கை உண்ணாமலை என்று வீட்டில் இருந்தால் அது கோயிலில் இருக்கும் ஜோடிதான். விகுதி மாறிய பேர்களிலும்கூட அவசரப்பட முடியாது. தேனம்மை என்றால் பிரான்மலை மங்கைபாகரோடு இருக்கும் தேனம்மையாக இருக்கலாம். குன்றக்குடி தேனாற்றுநாதர் வழியாகத் தேனப்பன் வந்து, அந்த வீட்டில் தேனம்மையும் வந்திருக்கலாம். எந்தக் கோயிலுக்கு அந்தக் குடும்பம் நேர்ந்துகொண்டது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காமல் பேரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பேர் வந்த கோயில்தான் குலக்கோயில் என்று முடிவுகட்டுவது. நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது குலக்கோயில்கள். இளையாற்றங்குடி அம்மன் நித்தியகல்யாணி, மாத்தூரில் பெரியநாயகி, பிள்ளையார்பட்டியில் வாடாமலர்மங்கை. இந்தப் பேர்கள் எல்லாம் வீடுகளில் அவ்வளவாக இல்லை. ஆனால் காசியின் விசாலாட்சி, மதுரை மீனாட்சியிலிருந்து வந்த மீனாள், திருவண்ணாமலையின் உண்ணாமலை எல்லாம் தாராளமாக உண்டு. குலக்கோயிலில் மாலை வாங்கிக் கல்யாணத்தைப் பதிவது ஒரு கணக்கு. வேண்டுதலும் யாத்திரையும் வேறு கணக்கு. பேர் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து வருகிறது. அதேபோல, இந்தப் பேர் இருந்தாலே நகரத்தார் வீடு என்றும் நினைக்க வேண்டாம். திருவண்ணாமலையைச் சுற்றிய மாவட்டங்களில் மற்றச் சமூகங்களிலும் உண்ணாமலை, உண்ணாமுலை என்ற பெண்கள் இருக்கிறார்கள்.

சரி, இந்தப் பேர் எவ்வளவு பிரபலம்? மிகப் பெரிய குளறுபடி இங்கேதான். குழந்தைப் பேர் தளங்கள் 'இந்தியாவில் இத்தனையாவது இடம்' என்று எண் போட்டு வைத்திருக்கும். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறை 1880-ஆம் வருடத்தில் பிறந்தவர்கள் தொடங்கிப் பேர் வாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. அதிலும் ஒரு வருடத்தில் 5 குழந்தைக்குக் குறைவாக வைத்த பேர் பட்டியலில் ஏறாது. நம் ஊரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படிப் பேர்ப் பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. பிறகு அந்த 'இடம்' எங்கிருந்து வந்தது? போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் இந்தப் பேரை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. எழுத்தை வைத்து எண்ணும் கணினிக்கு அவை வேறு வேறு பேர்கள்.

எண்ணிக்கை சரியாகவே கிடைத்தாலும் இன்னொன்று இடிக்கும். செட்டிநாட்டில் பழைய முறைப்படி பேரைத் தேர்ந்தெடுப்பதில்லை, முறைப்படி வந்து சேருகிறது. முதல் மகளுக்கு அப்பத்தா பேர், அடுத்த மகளுக்கு ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவர் பேர். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் தாயார் கோட்டையூர் உமையாள் ஆச்சி. மகள் பேரும் உமையாள். ஆகவே சினிமா பார்த்து ஏறி இறங்கும் ஃபேஷன் கணக்கை இதில் போட முடியாது. நாலைந்து பிள்ளைகள் பெற்ற காலத்தில் இரண்டு பாட்டிகளின் பேருக்கும் இடம் கிடைத்தது. ஒரே மகள் என்றால் ஆயாவின் பேர் அந்த வீட்டில் அங்கேயே நின்றுவிடும். இரண்டும் பையன்கள் என்றால் இரண்டு பேருமே போச்சு. உண்ணாமலை அரிதாவதை யாரோ பிடிக்காமல் ஒதுக்கியதாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததும் அதற்குச் சமமான காரணம்.

அப்புறம், பதிவேட்டில் இல்லை என்றால் பேரே இல்லை என்றும் சொல்ல முடியாது. மருமகள் மாமியார் பேரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது பழைய வழக்கம். அதனால் மாமியார் பேர் வைத்த மகளை "ஆத்தா", "ஆச்சி" என்று ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். இப்போது பல வீடுகளில் பேர் சூட்டும்போது காதில் சொல்வது உண்ணாமலை, பள்ளிக்கூடத்தில் எழுதுவது வேறு ஒரு நாகரிகப் பேர். பள்ளிப் பட்டியலை எண்ணிவிட்டு அந்தப் பேர் அழிந்துவிட்டது என்று கட்டுரை எழுதுபவர்கள் பாதிப் பேரைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

வம்சாவளி எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வதும் இதே முறையால்தான். அப்பத்தாவும் உண்ணாமலை, பேத்தியும் உண்ணாமலை; ஒரே அப்பத்தாவின் மூன்று மகன்களுக்கும் முதல் பெண் பிறந்தால் மூன்று பேத்திகளும் உண்ணாமலை. பேரை மட்டும் வைத்துக் கோடு போட்டால் அப்பத்தாவும் பேத்தியும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஊர், கோயில், இளையாற்றங்குடி என்றால் அதன் உட்பிரிவு, வீட்டு விலாசம், கணவர் பேர் எல்லாவற்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். விலாசம் என்பது ஆளின் இனிஷியல் அல்ல, குடும்பத்தின் முன்னெழுத்துகள். பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. சீர்ப் பாத்திரத்தில் வெட்டியிருப்பது எந்த வீட்டு எழுத்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வருடத்தை ஊகிக்கக் கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய தூக்குச்சட்டியில் உங்கள் பாட்டி பேர் இருந்தால் சந்தோஷப்படலாம், அவ்வளவுதான்.

பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது சுவீகாரம் எடுத்த, வீடா என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். கண்ணதாசன் சிறுகூடல்பட்டியில் சாத்தப்பன், விசாலாட்சி தம்பதிக்குப் பிறந்தவர். காரைக்குடி சிகப்பி ஆச்சி வீட்டுக்குச் சுவீகாரம் போனபோது நாராயணன் ஆனார். இப்படிப் போனவர்களுக்குப் பிறக்கும் மகள்களின் பேரைப் பெற்றவள் வழியில் தேடினால் கிடைக்காது. கூட்டிக்கொண்டவள் வழியில் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. ஆச்சி என்பது மரியாதைச் சொல், பேரின் பகுதி அல்ல. வெளிநாட்டுப் படிவங்களில் அதைக் குடும்பப் பேர்க் கட்டத்தில் நிரப்பி, பிறகு பிள்ளைகள் எல்லோருக்கும் ஆச்சி ஒட்டிக்கொண்ட கதை உண்டு. பிறப்புச் சான்றிதழில் பேர் ஏற்றும்போது 'உ' 'அ' ஆகிவிட்டதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். அண்ணாமலை என்று பதிவாகி, பாலினம் பெண் என்று இருந்தால் பின்னால் ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பேர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமலும், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டியும் பேரைச் சேர்க்கலாம். இரண்டு பாட்டிகள் பேரிலும் சமாதானம் ஆகாத வீடுகளுக்கு இந்த அவகாசம் உதவும். ஆங்கில எழுத்து எதுவானாலும் ஒன்றை முடிவுசெய்து, ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் மூன்றிலும் அதையே போடுங்கள்.