திருத்திய விடைத்தாளை மடித்து வைக்காதீர்கள்

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம், சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகளின் பைக்குள் விடைத்தாள் நாலாக மடிந்து கிடக்கும். மேலே போட்டிருக்கிற மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே தள்ளியிருப்பார்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான். பதினான்கு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். என் அனுபவத்தில் கைடு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் விட மார்க்கை ஏற்றிக் கொடுத்தது அந்தக் கசங்கிய தாள்தான்.

ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் போன ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி. ஏன் போனது? தெரியாமல் போனதா, தெரிந்தும் தப்பாக எழுதியதா, நேரம் இல்லாமல் விட்டதா? போன வருடம் ஒரு பையன் கணக்கில் 47 வாங்கி வந்தான். தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டியிருந்தான். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். வடிவியலிலும் வரைபடத்திலும் 11, புத்தகத்தில் அப்படியே இருக்கிற ஒரு மார்க் கேள்விகளில் 5, கூட்டல் கழித்தல் குறி மாறியதில் 7. ஆக 23 மார்க், புதிதாக ஒரு பாடமும் படிக்காமலே வாங்கியிருக்க வேண்டியவை. நிஜமாகவே தெரியாமல் போனது 30தான். அதைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அரையாண்டில் 66 எடுத்தான்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வித்தாளின் கடைசிப் பகுதியில் இரண்டே கேள்விகள், எட்டு எட்டாகப் பதினாறு மார்க். ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம். இரண்டிலும் உள்ளுக்குள் இது அல்லது அது என்று தேர்வு உண்டு. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, இருபடி வரைபடம் என்று வரக்கூடிய வகைகளை எண்ணிவிடலாம். தினமும் ஒன்று, ராத்திரி சாப்பிடுவதற்கு முன்னால் போட்டால் இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். உதவிப்படம் போடாமல் ஆரம்பிக்காதீர்கள். வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுதுங்கள், அளவுத்திட்டத்தை ஓரத்தில் எழுதுங்கள். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது வரைபடத்தை அழகாக வரைந்துவிட்டு அளவுத்திட்டத்தை விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு நடந்துவரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. அன்று முழுக்க அழுதேன்.

சரி, தெரியாமல் போன 30க்கு வருவோம். பிள்ளைகள் என்னிடம் அதிகமாகச் சொல்வது இதுதான்: "படிச்சுட்டுத்தான் போனேன் மிஸ், அங்க போனா வரல." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே பக்கத்தை ஐந்து தடவை வாசித்தால் எழுத்து கண்ணுக்குப் பழகிவிடும், தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வில் கேட்பது வேறு வேலை. புத்தகம் இல்லாமல் உள்ளேயிருந்து எடுத்து எழுதச் சொல்கிறார்கள். அந்த வேலையை வீட்டில் ஒரு தடவைகூடச் செய்து பார்க்காமல் போனால் அங்கே எப்படி வரும்? எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள், திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களை விட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிய மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்ததைக் காட்டினார்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு விடையை இரண்டு தடவை புரிந்து வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். எழுதுங்கள். அரைகுறையாக வந்தாலும் பரவாயில்லை, திறந்து பார்க்காமல் முடியுங்கள். அப்புறம் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பாருங்கள். மூன்று நாள் கழித்து முழுசாக மறுபடி ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும், நேரம் வீணாகிற மாதிரி தோன்றும். அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

உட்கார்ந்து எழுத நேரமே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அம்மாபேட்டைக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப்பழம் பறிக்கிற காலம், அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். பெற்றோர் எஸ்டேட்டிலிருந்து இருட்டித்தான் திரும்புவார்கள். சோறாக்குவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரிய பிள்ளை தலையில். அவர்களுக்குத் துண்டுச் சீட்டு வெட்டிக் கொடுத்தேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. சட்டைப்பையில் பத்துச் சீட்டு. அடுப்படியில் நிற்கும்போது ஒன்று, தண்ணீர் எடுக்கப் போகும்போது ஒன்று. சரியாகச் சொன்ன சீட்டு வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் டப்பாவுக்குப் போகும், தப்பாகச் சொன்னது சட்டைப்பைக்கே திரும்பும். ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் கவனிப்பதில்லை. மாக்னசைட் ஜங்ஷன் வழியாகப் போய்வரும் பெண், சேலத்தில் கிடைக்கும் கனிமத்தை மாற்றி எழுதியிருந்தாள். கஞ்சமலை என்றால் இரும்புத்தாது, சேர்வராயன் மலை என்றால் பாக்சைட், இந்த ஸ்டேஷன் பெயரே மாக்னசைட். பார்த்த இடத்தோடு முடிச்சுப் போட்டு வைத்த விடை எளிதில் போகாது.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75க்கு, செய்முறை 25க்கு. ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

தேர்வு அறையில் எழுத ஆரம்பிக்கும் முன் கேள்வித்தாளை வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். அப்போதே எந்தக் கேள்விகளை எழுதப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கணக்கில் 28ஆம் கேள்வியும் 42ஆம் கேள்வியும் கட்டாயம். அதை மறந்து வேறு கேள்வி எழுதியவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பெற்றோருக்கு ஒன்று. படிக்கத் தெரியாதே, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கலங்க வேண்டாம். எங்கள் தெருவில் ஓர் அம்மா ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டே, "புக்க மூடிட்டுச் சொல்லு கண்ணு" என்பார். மகள் திக்கினால் ராட்டையை நிறுத்திவிடுவார். அவள் திறந்து பார்த்து, மூடி, முதலிலிருந்து சொன்ன பிறகுதான் ராட்டை மறுபடி சுற்றும்.