‘ரன்’: அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள்

பெரிய ஆங்கில அகராதிகள் ‘ரன்’ என்ற சொல்லுக்கு நூற்றுக்கணக்கில் பொருள் தருகின்றன. அவற்றை மனப்பாடம் செய்வது வீண்வேலை. அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும்.

முதலில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று கவனியுங்கள். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’தான். ‘தி இன்ஜின் இஸ் ரன்னிங்’ என்றால் இன்ஜின் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் எ கம்பெனி’ என்றால் கம்பெனி நடத்துகிறார். நாம் சறுக்குவது காரில்தான். கார் ஓட்டுவதற்கு ‘டிரைவ்’. ‘ரன் எ கார்’ என்பது எரிபொருள், பராமரிப்புச் செலவெல்லாம் பார்த்துக் கார் வைத்திருப்பது.

பின்னால் பெயரடை வந்தால் ‘ஆகு’, ‘போ’ என்று மாற்றிப் படியுங்கள். ‘ரன் டிரை’ வற்றிப்போவது, ‘ரன் லோ’ குறைந்துபோவது, ‘ரன் லேட்’ தாமதமாவது. இதையே திருப்பிப் போட்டு ‘டிரை ரன்’ என்றால் ஒத்திகை!

அதிகத் தவறு நடப்பது அவுட், இன்டு, ஓவர் போன்ற சின்னச் சொற்கள் சேரும்போது. ‘தி மில்க் ரேன் அவுட்’: பால் தீர்ந்தது. ‘வி ரேன் அவுட் ஆஃப் மில்க்’: எங்களிடம் பால் தீர்ந்துவிட்டது. தீர்ந்த பொருள் எழுவாயானால் ‘ஆஃப்’ வராது. ஆள் எழுவாயாகி, தீர்ந்த பொருளையும் சொன்னால் ‘ஆஃப்’ கட்டாயம். கிரிக்கெட் ‘ரன் அவுட்’ தனிக் கணக்கு.

‘ரன் இன்டு’வுக்குப் பின் நண்பர் வந்தால் தற்செயலாகச் சந்திப்பது, சுவர் வந்தால் மோதுவது, ‘டிரபிள்’ வந்தால் சிக்கலில் மாட்டுவது. ‘ரன் ஓவர்’ ஆள்மீது வண்டி ஏற்றுவது. கூட்டம் ‘ரன் ஓவர்’ ஆனால் குறித்த நேரம் தாண்டிவிட்டது, அவ்வளவே. ‘ரேன் ஹிம் ஓவர்’ என்று பிரிக்கலாம். ‘சந்தித்தேன்’ என்ற பொருளில் ‘ரேன் ஹிம் இன்டு’ என்று பிரிக்க முடியாது. ‘ரன் இட் பை மீ’ என்று மேலதிகாரி சொன்னால், செய்வதற்கு முன் அவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

கூட்டுச் சொற்களில் இடைக்கோடும் பேசும். ‘ரன்டவுன்’ சேர்த்து எழுதினால் சுருக்க விவரம். ‘ரன்-டவுன்’ என்றால் பாழடைந்த கட்டடம், அல்லது சோர்ந்துபோன ஆள். ‘ரன்-அப்’ பந்துவீச்சாளர் ஓடிவருவது. தேர்தலுக்கு முந்தைய நாட்களுக்கும் அதுவே. ‘ரன்னர்-அப்’ இரண்டாமிடம், பன்மையில் ‘ஸ்’ நடுவில் விழும், ‘ரன்னர்ஸ்-அப்’.

பேசும்போது அழுத்தமும் மாறும். ஓடிப்போவது என்ற வினைக்கு ‘ரன் அவே’யில் ‘அவே’யை அழுத்துங்கள், ஓடிப்போனவர் என்ற பெயருக்கு ‘ரன்’னை.

‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் தொடர்ந்து மூன்று நாள். இதில் ‘ரன்னிங்’ கடைசியில்தான் வரும்.

இறந்தகாலம் ‘ரேன்’. ஆனால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ முன்னால் இருந்தால் மறுபடி ‘ரன்’. ‘ஹேவ் ரேன்’ பிழை.