ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் அந்தச் சிவப்பு விளக்கு அணையவில்லையா?

லீவரை முழுக்க இறக்கியாகிவிட்டது. வண்டியும் தடையில்லாமல் நகர்கிறது. டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் லீவரை நாலு தரம் மேலே இழுத்துக் கீழே தள்ளிப் பார்ப்பார்கள். சில சமயம் அணைந்தும் தொலைக்கும். அதோடு அதை மறந்துவிடுவோம்.

நானும் அப்படி மறந்தவன்தான். மறுபடி எரிந்தபோது சுவிட்ச் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, அரை நாள் செலவழித்துப் புது சுவிட்ச் மாட்டினேன். விளக்கு அப்படியே எரிந்தது. அதற்கப்புறம்தான் பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில், டப்பாவில் போட்டிருக்கும் 'மின்' (MIN, குறைந்தபட்ச அளவு) கோட்டுக்குக் கீழே கிடந்தது. பின் சக்கரத்தில், ஆயில் அழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. லீவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் இந்தக் குழப்பம் என்றால், பெரும்பாலான பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக்குக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஒரே விளக்குதான். சாவி போட்டதும் பல்பின் ஒரு முனைக்கு 12 வோல்ட் வந்துவிடும். மறுமுனையிலிருந்து போகும் ஒயருக்கு எங்கே எர்த், அதாவது வண்டியின் இரும்பு பாடியோடு தொடர்பு, கிடைத்தாலும் பல்பு எரியும். எர்த் கொடுக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு: லீவருக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச், பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு மிதவை சென்சார். ரொம்பப் பழைய வண்டிகளில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். பிரேக் லைனின் இரண்டு பாதிகளில் ஒன்றில் பிரஷர் விழுந்தால் அது எர்த் கொடுக்கும். இவற்றில் யார் விளக்கை எரிய வைக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் பெடலை மிதித்துப் பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வண்டி நின்ற இடத்திலேயே பிரேக் பெடலை அழுத்திப் பிடியுங்கள். பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் அது கொஞ்சம் இறங்குவது சகஜம், கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினாலோ, பஞ்சை மிதிப்பது போல இருந்தாலோ, அந்த வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வண்டியிடம் வரவழையுங்கள். சிவப்பு விளக்கோடு ஏபிஎஸ் மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரிந்தாலும் இதேதான். அப்போது பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அளவைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு வேலை செய்யாமல் போயிருக்கலாம்.

பெடல் கெட்டியாக இருக்கிறதா? சரி, தொடரலாம்.

எப்போது எரிகிறது?

இதைக் கவனிக்க ஒரு பைசா செலவில்லை, பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் மின்னி அணைந்தால், ஆயில் குறைந்திருக்கிறது. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை கீழே இறங்குகிறது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் மின்னினால் லீவர் சுவிட்சையோ லூஸான ஒயரையோ சந்தேகியுங்கள். பேட்டரி விளக்கும் கூடவே எரிகிறதென்றால், சில பழைய வண்டிகளில் பிரேக் விளக்கின் பல்பு சோதனையை ஆல்டர்னேட்டர் வழியாக இணைத்திருப்பார்கள். கோளாறு பிரேக்கில் இல்லாமல் சார்ஜிங்கில் இருக்கலாம்.

பிரேக் ஆயில்

லீவர் சுவிட்சை நோக்கித்தான் கை போகும். போக விடாதீர்கள். சுவிட்ச் கெட்டால் வெறும் எரிச்சல், ஆயில் போனால் ஆபத்து. அதனால் பானெட்தான் முதலில்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) மேலே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பழைய டப்பா மஞ்சளித்துப் போய் மட்டம் தெரியாமல் இருந்தால், பின்னால் டார்ச் அடித்தால் தெரியும். ஆயில் 'மேக்ஸ்' (MAX), 'மின்' (MIN) கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும்.

குறைந்திருந்தால், ஊற்றிவிட்டு மூடிவிடலாம் என்றுதான் தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைகிற பொருள் இல்லை. அது குறைய இரண்டு வழிதான். ஒன்று, பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். இன்னொன்று, கசிவு. ஆகவே பேட்டைப் பாருங்கள். உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தேய்ந்த பேட்டை வைத்துக்கொண்டு டப்பாவை மேக்ஸ் வரை நிரப்பினால், புது பேட் மாட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும்.

பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்திருந்தால் கசிவுதான். நான்கு சக்கரங்களின் உட்பக்கம், டிரம்மின் கீழ் விளிம்பு, பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம் எல்லாவற்றிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே ஈரம் கண்டாலும் வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இது கற்றுக்கொள்பவர் கை வைக்கும் இடமில்லை.

ஊற்ற வேண்டியிருந்தால், மூடியில் பொறித்திருக்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். டாட் 3, டாட் 4 என்று இருக்கும். டாட் 5 சிலிகான் ஆயில், இவற்றோடு கலக்கவே கூடாது. போன வருடம் திறந்து வைத்த டப்பா வேண்டாம், பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

கனெக்டரைக் கழற்றிக் கண்டுபிடித்தல்

ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிகிறது என்றால் இந்தச் சோதனைக்கு வாருங்கள். லீவரை இறக்கி வைத்துச் செய்வதால் முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியரில் போட்டு வைப்பதும் நல்லது, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்.

எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஆயில் டப்பாவிலிருந்து போகும் சின்ன கனெக்டரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்ததா? அப்படியென்றால் சென்சார்தான். பழைய மிதவை ஆயிலை ஊறி உறிஞ்சி மூழ்கிவிடும், இல்லை அழுக்கில் சிக்கி நிற்கும். கனெக்டரை மறுபடி மாட்டிவிட்டு, டப்பாவை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் அணைந்து, பிறகு மறுபடி எரிந்தால் மிதவையை மாற்ற வேண்டியதுதான். கனெக்டரைக் கழற்றியபடியே விட்டுவிட்டு, விளக்கு அணைந்துவிட்டது என்று வண்டி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அணையவில்லை என்றால் கனெக்டரை மாட்டிவிட்டு லீவருக்கு வாருங்கள். லீவரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை (கன்சோல்) கழற்றும்போது சாவி ஆஃபில் இருக்கட்டும். அங்கே மஞ்சள் நிற ஒயரோ கனெக்டரோ இருந்தால் அது ஏர்பேக் உடையதாக இருக்கலாம், தொட வேண்டாம்.

லீவரின் அடிப்பகுதியில் ஒரு சின்ன பொத்தான் தெரியும். லீவர் கீழே வரும்போது அந்தப் பொத்தானை அழுத்தும், எர்த் அறுபடும், விளக்கு அணையும். லீவர் மேலே போனால் பொத்தான் வெளியே வரும், விளக்கு எரியும். சாவியை ஆன் செய்து, பொத்தானை விரலாலேயே அழுத்திப் பாருங்கள். அணைகிறதா? சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, லீவர்தான் அதை முழுசாக அழுத்தவில்லை. சுவிட்சைப் பிடித்திருக்கும் தகடு வளைந்திருக்கும், இல்லை ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். சரிசெய்து முடுக்கினால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் லீவருக்கு அடியில் ஒரு நாணயம் விழுந்து கிடந்தது, அவ்வளவுதான்.

அழுத்தியும் அணையவில்லையா? சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். இப்போது அணைந்தால் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது. மல்டிமீட்டர் இருந்தால், ஒரு முனையைச் சுவிட்சிலும் இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்துப் பாருங்கள். லீவர் மேலே இருக்கும்போது 0 ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், கீழே இருக்கும்போது தொடர்பே இருக்கக் கூடாது.

இரண்டையும் கழற்றியும் எரிகிறதா?

அப்படியானால் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. சீட் தண்டவாளம், கார்ப்பெட்டுக்கு அடி, கன்சோல் ஸ்க்ரூவில் நசுங்கிய இடம் என்று தேடிப் போங்கள். பிற்பாடு ஸ்க்ரீன் வைத்த ஸ்டீரியோ மாட்டிய வண்டியாக இருந்தால் அதன் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். ஓடும்போது படம் ஓடாமல் தடுக்க, அதிலிருந்து ஒரு ஒயர் ஹேண்ட் பிரேக் சுவிட்சுக்குப் போகும். ஓடும்போதும் படம் பார்க்க வேண்டும் என்று யாராவது அந்த ஒயரை எர்த்தில் கொடுத்திருந்தால், சுவிட்ச் ஒயரோடு அதற்கு இருக்கும் இணைப்பு அறுபடாத வரை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். மூன்றாவது சுவிட்ச் உள்ள வண்டி என்றால் அது எர்த் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது கொடுத்தால் மெக்கானிக் வேலை.

ஒரு விஷயத்தில் இந்த விளக்கை நம்ப வேண்டாம். ஹேண்ட் பிரேக்கைப் பொறுத்தவரை அதற்குத் தெரிந்தது லீவர் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். துருப்பிடித்த கேபிள் பின் பிரேக்கைப் பிடித்தபடியே வைத்திருந்தாலும், லீவர் கீழே வந்தால் விளக்கு அணைந்துவிடும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் பின் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, சாவி ஆனில் லீவரை ஒரு கிளிக் மட்டும் தூக்குங்கள், விளக்கு எரிய வேண்டும். இறக்கினால் அணைய வேண்டும். மிதவை மூடியோடு சேர்ந்த வகையாக இருந்தால், மூடியைத் திருகி மேலே தூக்குங்கள். மிதவை தொங்கி இறங்கியதும் விளக்கு எரியும். துணியை அடியில் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், சொட்டும்.